வெற்றுப் பெட்டி கேட்கும் விடை: ஜி.ஆர்.இ. கணிதத்தில் எண்ணை உள்ளிடும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வின் கணிதப் பகுதியில் நான்கு வகைக் கேள்விகள் வருகின்றன. இரண்டு அளவுகளை ஒப்பிட்டு எது பெரியது என்று சொல்வது ஒரு வகை. கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. சரியான விடை எத்தனை இருந்தாலும் அத்தனையையும் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. நான்காவது வகையில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே கிடையாது. கேள்விக்குக் கீழே வெற்றுப் பெட்டி ஒன்று இருக்கும். கணக்கைப் போட்டு, கிடைத்த எண்ணைத் தேர்வர் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். மாணவர்கள் இதை நியூமெரிக் என்ட்ரி என்கிறார்கள்.

எண்ணிக்கையில் இந்த வகை சிறுபான்மைதான். ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு தயக்கம் தெரியும். ஆப்ஷன் இல்லாத கேள்வி என்றாலே கடினமான கணக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரிதானா? விடையைத் தேர்ந்தெடுப்பதைவிட விடையை எழுதுவது ஒருவரின் கணித அறிவை உண்மையாக அளக்கிறதா? இந்தக் கேள்விகளில் மதிப்பெண் எங்கே போகிறது, அதை எப்படித் தடுப்பது? இந்தக் கட்டுரை இவற்றை வரிசையாக ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விகளில் கணக்கு கடினமாவதில்லை. விடையைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் எழுதுகிறவரிடம் வந்து சேர்கிறது. தயாரிப்பின் திசையை இந்த ஒரு மாற்றம்தான் தீர்மானிக்க வேண்டும்.

எப்படி வந்தது இந்தப் பெட்டி

விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை தேர்வுலகில் வேரூன்றியதற்குக் கல்விக் காரணங்களைவிடத் திருத்தும் வசதியே பெரிய காரணம். 1914ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி அமைத்த வாசிப்புத் தேர்வு இந்த முறையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வர வேண்டும் என்பது அவர் நோக்கம். 1930களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் திருத்தும் இயந்திரம் வந்தது. பென்சில் கறை மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பயன்படுத்தி, எந்த இடத்தில் குறி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அது கண்டுகொண்டது. குறி வைக்கும் தேர்வுக்கும் இயந்திரத்துக்கும் அன்று ஏற்பட்ட உறவு பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஜி.ஆர்.இ. தோன்றியதும் அதே 1930களின் பிற்பகுதியில்தான். கார்னகி அறக்கட்டளையின் முயற்சியில், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களின் துணையோடு அது தொடங்கியது. 1947இல் நிறுவப்பட்ட ஈ.டி.எஸ். என்ற தேர்வு அமைப்பு பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது. குறி வைக்கும் முறையிலேயே அது நெடுங்காலம் நடந்தது.

விடையை எழுதச் செய்து, அதையும் இயந்திரத்தாலேயே திருத்துவதற்கான பெரிய முயற்சி, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1994இல் நடந்தது. விடைத்தாளில் நான்கு பத்திகள் இருந்தன. விடையின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரிய வட்டத்தை மாணவர் நிரப்பினார். கழித்தல் குறிக்கு அதில் இடமே இருக்கவில்லை; ஆகவே விடை எதிர்மறை எண்ணாக வரும் கணக்கை அந்த வடிவில் கேட்கவே முடியவில்லை. விடைத்தாளின் அமைப்பு கணக்கையே கட்டுப்படுத்தியது.

கணினி வழித் தேர்வு இந்தக் கட்டைத் தளர்த்தியது. 1990களில் கணினிக்கு மாறத் தொடங்கிய ஜி.ஆர்.இ., 2007 நவம்பரிலிருந்து எண்ணை உள்ளிடும் கேள்விகளை மிகக் குறைந்த அளவில் சேர்த்தது. 2011 ஆகஸ்டில் தேர்வு முழுவதும் திருத்தியமைக்கப்பட்டபோது இது நிலையான வகையாயிற்று. திரையிலேயே ஒரு கால்குலேட்டரும், 130 முதல் 170 வரையிலான மதிப்பெண் அளவுகோலும் அப்போது வந்தவை. 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்டது. இன்று கணிதத்தில் மொத்தம் 27 கேள்விகள். முதல் பகுதியில் 12 கேள்விகளுக்கு 21 நிமிடம். இரண்டாம் பகுதியில் 15 கேள்விகளுக்கு 26 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விகளுக்கும் சம மதிப்புதான். தவறுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது.

பெட்டியின் விதிகள்

விதிகள் எளியவை. ஆனால் தேர்வுக்கூடத்தில் முதன்முறை சந்திக்க வேண்டியவை அல்ல.

விடை முழு எண்ணாகவோ தசம எண்ணாகவோ இருந்தால் ஒரே பெட்டி இருக்கும். பின்னமாக இருந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெட்டிகள்: மேலே தொகுதி, கீழே பகுதி. ஒரே மதிப்புள்ள வடிவங்கள் எல்லாம் சரியே. 2.5 என்றாலும் 2.50 என்றாலும் மதிப்பெண் உண்டு. பின்னத்தைச் சுருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 4 சிவப்புப் பந்துகளும் 6 நீலப் பந்துகளும் உள்ள பையிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போடாமல் இரண்டு பந்துகளை எடுத்தால் இரண்டும் நீலமாக இருக்கும் நிகழ்தகவு 30/90. அதை அப்படியே உள்ளிடலாம். 1/3 என்றும் உள்ளிடலாம். சுருக்கும்போது தவறிவிடுவோமோ என்ற கவலைக்கே இடமில்லை. எண்கள் பெட்டிக்குள் அடங்காத அளவு பெரிதானால் மட்டும் சுருக்கியாக வேண்டும். பின்னப் பெட்டிகளுக்குள் தசமப் புள்ளி போட முடியாது.

கேள்வி கேட்டால் ஒழிய விடையை முழுமையாக்கக் கூடாது. துல்லியமான எண்ணையே தர வேண்டும். "ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்குக" என்று கேட்டிருந்தால், அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும். பெட்டிக்கு முன்னால் டாலர் குறியோ பின்னால் சதவீதக் குறியோ அச்சாகியிருந்தால், அது விடையின் அலகைச் சொல்லும் குறிப்பு.

திரையில் உள்ள கால்குலேட்டர் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றைச் செய்யும். 1 + 2 × 4 என்று அடித்தால், பெருக்கலை முதலில் செய்து 9 என்று காட்டும். கடைகளில் பயன்படும் சாதாரணக் கால்குலேட்டர்கள் பல இதையே 12 என்று காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எட்டு இலக்கத்துக்கு மேல் போனால் பிழை என்று நின்றுவிடும். 12இன் தொடர் பெருக்கத்தை 10இன் தொடர் பெருக்கத்தால் வகுக்க வேண்டிய கணக்கில், முதலில் 12 வரை பெருக்கப் போனால் 47 கோடியைத் தாண்டிவிடும், கருவி கைவிரித்துவிடும். பொதுக் காரணிகளை அடித்துவிட்டால் மிஞ்சுவது 12 × 11, அதாவது 132. கருவி தேவையே இல்லை.

கால்குலேட்டரில் தெரியும் எண்ணை அப்படியே பெட்டிக்கு அனுப்ப ஒரு பொத்தான் இருக்கிறது. இலக்கம் மாறி அடிக்கும் பிழையை அது தவிர்க்கும். ஆனால் அது முழுமையாக்கித் தராது. திரையில் உள்ள எல்லாத் தசம இலக்கங்களையும் கொண்டுபோய்ப் போட்டுவிடும். பின்னப் பெட்டிகளுக்கு அது வேலை செய்யாது.

ஆப்ஷன் போனால் கூடவே போவது எது

விடைகள் கொடுக்கப்பட்ட கேள்வியில் தேர்வருக்கு மூன்று உதவிகள் கிடைக்கின்றன. முதலாவது, ஊகம். ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் 20% வாய்ப்பு இருக்கிறது. பெட்டியில் அந்த வாய்ப்பு ஏறத்தாழ இல்லை.

இரண்டாவது, விடையிலிருந்து கேள்விக்குப் போகும் வழி. ஒரு நிகழ்ச்சிக்குப் பெரியவர் டிக்கெட் 12 டாலர், சிறுவர் டிக்கெட் 7 டாலர். மொத்தம் 100 டிக்கெட் விற்று 1,000 டாலர் வசூலானது. பெரியவர் டிக்கெட் எத்தனை? விடைகளாக 40, 50, 60, 70, 80 என்று கொடுத்திருந்தால், நடுவில் உள்ள 60ஐப் போட்டுப் பார்த்தாலே போதும்: 720 + 280 = 1,000. சமன்பாடே எழுதாமல் மதிப்பெண் கிடைத்துவிடும். பெட்டி இருக்கும் இடத்தில் வேறு வழி தேட வேண்டும். எல்லாமே சிறுவர் டிக்கெட் என்று வைத்துக்கொண்டால் 700 டாலர்தான் வந்திருக்கும். இன்னும் 300 வேண்டும். ஒவ்வொரு பெரியவர் டிக்கெட்டும் கூடுதலாக 5 டாலர் தருகிறது. எனவே 60. கணக்கின் உள்ளமைப்பு இங்கே தெரிந்துவிடுகிறது. முதல் வழியில் விடை மட்டும் கிடைக்கிறது. இரண்டாவது வழியில் அது ஏன் விடை என்பதும் கிடைக்கிறது.

மூன்றாவது உதவிதான் பெரியது; பலரும் கவனிக்காததும் அதுவே. நாம் தவறாகக் கணக்கிட்டு 58 என்று முடித்தால், பட்டியலில் 58 இல்லாததைப் பார்த்தவுடன் திரும்பிப் போகிறோம். விடைப்பட்டியல் சத்தமில்லாமல் நம்மைத் திருத்துகிறது. பெட்டி 58ஐயும் வாங்கிக்கொள்ளும், 5,800ஐயும் வாங்கிக்கொள்ளும்.

மறுபக்கமும் உண்டு. விடைப்பட்டியல் திருத்துவதோடு ஏமாற்றவும் செய்கிறது. ஐந்து எண்களின் சராசரி 18. ஒன்றை நீக்கினால் மீதியின் சராசரி 16. நீக்கிய எண் எது? 90இலிருந்து 64ஐக் கழித்தால் 26. அவசரக்காரர் 18 − 16 = 2 என்பார். கேள்வி அமைப்பவர் அந்த 2ஐ முதல் விடையாகவே வைத்திருப்பார். பட்டியலில் தன் விடையைப் பார்த்துவிட்டவர் மறுபடி யோசிக்க மாட்டார். பெட்டியில் அந்தத் தூண்டில் இல்லை. ஆகவே ஆப்ஷன் இருப்பது எப்போதும் எளிது, இல்லாதது எப்போதும் கடினம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கொடுத்திருக்கும் விடைகள் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்தது அது.

ஆய்வுகள் சொல்வது

இந்த ஐயத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஈ.டி.எஸ். ஆய்வாளர் பிரென்ட் பிரிட்ஜ்மன் 1992இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் முக்கியமானது. ஜி.ஆர்.இ. கணிதக் கேள்விகளையே எடுத்து, விடையைத் தேர்ந்தெடுக்கும் வடிவத்தையும் தாமே விடை தரும் வடிவத்தையும் அவர் ஒப்பிட்டார். தனித்தனிக் கேள்விகளில் வடிவ வேறுபாட்டின் பாதிப்பு பெரிதாக இருந்தது. மாணவர்கள் இயல்பாகச் செய்யும் தவறுகள் விடைப்பட்டியலில் இடம்பெறாத கேள்விகளில், பட்டியல் இருப்பது அவர்களுக்கு மிகவும் உதவியது. ஆனால் தேர்வு முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது இரு வடிவங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி அளந்தன. ஆண், பெண் என்ற அடிப்படையிலோ இன அடிப்படையிலோ வடிவ மாற்றம் யாரையும் தனியாகப் பாதித்ததாகத் தெரியவில்லை.

2000இல் இர்வின் காட்ஸ், ராண்டி பென்னட், அலிசா பெர்கர் ஆகியோர் எஸ்.ஏ.டி. கணிதக் கேள்விகளைக் கொண்டு இன்னொரு கோணத்தில் ஆராய்ந்தார்கள். விடைகள் கொடுத்தால் மாணவர் போட்டுப் பார்ப்பார்கள், கொடுக்காவிட்டால் முறைப்படி தீர்ப்பார்கள் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஆனால் விடைகள் இல்லாத கேள்வியிலும் மாணவர்கள் ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் திருத்திக்கொண்டு முன்னேறினார்கள். கடினம் மாறுவதற்குத் தீர்க்கும் உத்தி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியவில்லை.

இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. கணிதம் அறிந்தவர் எந்த வடிவிலும் அறிந்தவரே. பெட்டி யாரையும் தலைகீழாக மாற்றிவிடாது. ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் எழும் சிறு பிழைகளுக்குப் பட்டியல் தரும் எச்சரிக்கை இல்லை. அந்த எச்சரிக்கையைத் தேர்வர் தாமே தமக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

பிழை பிறக்கும் இடங்கள்

பெட்டியில் போகும் மதிப்பெண்களில் பெரும்பகுதி கணிதம் தெரியாமல் போவதில்லை. பிழைகள் சில குறிப்பிட்ட இடங்களில்தான் பிறக்கின்றன.

முதல் இடம், கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று. ஒரு சமன்பாட்டைத் தீர்த்து மாறியின் மதிப்பைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதையே எழுதிவிடுகிறோம். கேள்வி அதன் இருமடங்கைக் கேட்டிருக்கும்.

இரண்டாவது, அலகு. ஒரு பொருளின் விலை 20% உயர்ந்து, பிறகு அந்த உயர்ந்த விலையில் 25% குறைந்தது. தொடக்க விலையைவிட எத்தனை சதவீதம் குறைவு? 1.2 × 0.75 = 0.9, ஆகவே 10% குறைவு. பெட்டிக்குப் பக்கத்தில் சதவீதக் குறி இருந்தால் 10 என்றே எழுத வேண்டும். 0.10 என்று எழுதினால் அது பத்தில் ஒரு சதவீதமாகிவிடும். வரைபடக் கேள்விகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அச்சில் "ஆயிரங்களில்" என்று குறிப்பிட்டிருப்பார்கள். கேள்வியோ மில்லியனில் விடை கேட்கும். லட்சத்திலும் கோடியிலும் எண்ணிப் பழகிய நமக்கு மில்லியன் கணக்கு ஒரு நொடியாவது நின்று யோசிக்க வேண்டியது.

மூன்றாவது, நடுவழியில் முழுமையாக்குவது. ஒரு வண்டி 9 நிமிடத்தில் 7 கிலோமீட்டர் போகிறது. அதே வேகத்தில் 4 மணி 10 நிமிடத்தில் எத்தனை கிலோமீட்டர் போகும்? விடையை அருகிலுள்ள முழு எண்ணாகத் தருக. மொத்தம் 250 நிமிடம். 7 × 250 = 1,750; அதை 9ஆல் வகுத்தால் 194.44. விடை 194. ஆனால் நிமிடத்துக்கு 0.78 கிலோமீட்டர் என்று முதலிலேயே சுருக்கிக்கொண்டவருக்கு 0.78 × 250 = 195 வரும். வழி சரி, கணக்கு சரி, விடை தவறு. பின்னமாகவே கடைசி வரை கொண்டுபோவதும், பெருக்கலை முன்னால் செய்து வகுத்தலைக் கடைசியில் செய்வதும் இதற்கு மருந்து.

நான்காவது, நிபந்தனையை மறப்பது. அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களின் பெருக்கல் 168. பெரிய எண் எது? 12, 14 என்பது உடனே தோன்றும். −14, −12 என்ற இணையும் பொருந்தும். அப்போது பெரியது −12. கேள்வியில் "மிகை எண்கள்" என்றோ "குறை எண்கள்" என்றோ ஒரு சொல் கட்டாயம் இருக்கும். அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்தவர் தவறுவார்.

ஐந்தாவது, எண்ணும்போது ஓரங்களை விடுவது. 15 முதல் 75 வரை, இரண்டையும் சேர்த்து, எத்தனை முழு எண்கள்? 75 − 15 = 60 என்று கை எழுதிவிடும். சரியான விடை 61. விடைப்பட்டியலில் 60, 61 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதைப் பார்த்தாவது சுதாரிப்போம். பெட்டியில் அந்தச் சுதாரிப்பு தானாக வராது.

சரிபார்ப்பது ஒரு தனித் திறன்

ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் கடைசி இருபது, முப்பது விநாடிகளைச் சரிபார்க்க ஒதுக்குவது வீண் செலவல்ல. ஆனால் போட்ட கணக்கையே மேலிருந்து கீழாக மறுபடி படிப்பது சரிபார்ப்பாகாது. முதல் தடவை கண்ணுக்குத் தப்பியது இரண்டாம் தடவையும் தப்பும். வேறு பாதையில் வர வேண்டும்.

விடையைக் கேள்விக்குள் திரும்பப் போடுவது மிகச் சுருக்கமான பாதை. 60 பெரியவர், 40 சிறுவர் என்றால் 1,000 டாலர் வருகிறதா? வருகிறது; முடிந்தது. நீக்கிய எண் 26 என்றால், மீதி நான்கின் கூட்டல் 64, சராசரி 16. முடிந்தது. போட்டுப் பார்க்கும் உத்தியைப் பெட்டி நம்மிடமிருந்து பறித்துவிடவில்லை. முன்பு விடை தேட உதவியது இங்கே விடையை உறுதிசெய்ய உதவுகிறது.

திரும்பப் போட முடியாத கணக்குகளில் இரண்டாவது வழியில் எண்ணிப் பார்க்கலாம். 1 முதல் 200 வரை 4ஆலும் 6ஆலும் வகுபடாத எண்கள் எத்தனை? 4இன் மடங்குகள் 50, 6இன் மடங்குகள் 33, இரண்டிலும் வரும் 12இன் மடங்குகள் 16. 50 + 33 − 16 = 67. மீதி 133. இதைச் சரிபார்க்க 12 எண்கள் கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 12 வரை 4, 6, 8, 12 ஆகியவை போக 8 எண்கள் மிஞ்சுகின்றன. 200க்குள் இப்படி 16 முழுச் சுற்றுகள்: 128. கடைசி எட்டு எண்களில் 5 மிஞ்சும். 128 + 5 = 133. இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் சேர்ந்தால் விடையை நம்பலாம்.

அளவை முன்கூட்டியே மதிப்பிடுவது மூன்றாவது பழக்கம். கணக்கைத் தொடும் முன்பே விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது. ஆட்களின் எண்ணிக்கை பின்னமாகாது. இரண்டு கலவைகளைச் சேர்த்தால் செறிவு இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜி.ஆர்.இ. தேர்வில் வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயத்தொலைத் தளங்களும் எண் கோடுகளும் தரவு வரைபடங்களும் மட்டுமே அளவுக்கு உட்பட்டவை. படத்தில் செங்கோணம்போல் தெரிகிறது என்பதை வைத்து மதிப்பிட்டால் சரிபார்ப்பே பிழையாகிவிடும்.

நம் நாட்டுத் தேர்வுகளில்

ஜி.ஆர்.இ. எழுதும் நம் மாணவர்களில் பலர் இந்தியாவின் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளையும் எழுதுகிறார்கள். அங்கும் இதே பெட்டி இருக்கிறது, விதிகள்தான் வேறு. சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மாறி மாறி நடத்தும் கேட் தேர்வில் எண் விடைக் கேள்விகள் முக்கியமான பங்கு வகிக்கின்றன. விசைப்பலகையைத் தொட முடியாது. திரையில் உள்ள எண் பலகையைச் சுட்டியால் சொடுக்கித்தான் விடை தர வேண்டும். பொறியியல் கணக்குகளில் தோராயம் தவிர்க்க முடியாதது என்பதால், இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை என்று ஓர் எல்லைக்குள் வரும் விடைகள் ஏற்கப்படுகின்றன. அறிவியல் முதுகலைப் படிப்புகளுக்கான ஜாம் தேர்வில் 60 கேள்விகளில் 20 இந்த வகை. 100 மதிப்பெண்ணில் 30 இவற்றுக்கு. ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வும் 2015 முதல் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறது.

மதிப்பெண் விதி மாறும்போது அணுகுமுறையும் மாற வேண்டும். கேட் தேர்வின் ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடைகள் கொடுத்திருந்தால், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். குருட்டாம்போக்கில் குறி வைத்தால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம்: கால் பங்கு வாய்ப்பில் 1 கிடைக்கும், முக்கால் பங்கு வாய்ப்பில் மூன்றில் ஒன்று போகும். ஐ.ஐ.எம். தேர்வின் 3, −1 விதியிலும் இதே பூஜ்யம்தான். இந்த இரு தேர்வுகளிலும் எண்ணை உள்ளிடும் கேள்விக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. எனவே பாதி நம்பிக்கையோடு கிடைத்த விடையையும் அங்கே தயங்காமல் எழுதிவிடலாம்.

ஜி.ஆர்.இ. நேரெதிர். எதிலும் நெகட்டிவ் மார்க் இல்லாததால், விடை கொடுத்த கேள்வியில் ஊகத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. பெட்டியில் ஊகத்துக்கு மதிப்பில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று மிச்சமிருந்தால், ஐந்து விடைகள் உள்ளதில் ஒன்றை உடனே தொட்டுவிட்டு, மீதி நேரத்தைப் பெட்டிக்குக் கொடுப்பதே கணக்குப்படி சரி. பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம் என்பதால் இதைத் திட்டமிடவும் முடியும்.

கேள்வி அமைப்பவரின் கடமை

பெட்டியை வைத்துவிட்டால் மட்டும் தேர்வு உயர்ந்துவிடாது. விடைப்பட்டியல் சொல்லாமல் சொன்னவற்றை எல்லாம் இனிக் கேள்வியே சொல்லியாக வேண்டும். முன்பு பார்த்த இரட்டை எண் கணக்கில், பட்டியலில் −12 இல்லாவிட்டால் 14தான் கேட்கிறார்கள் என்று புரிந்துவிடும். பெட்டி இருக்கும் இடத்தில் "மிகை எண்கள்" என்ற சொல் விடுபட்டால் கேள்வி அநியாயமானதாகிறது. எந்த அலகு, எத்தனை தசம இடம், எந்த வடிவம் என்பவற்றில் மாணவர் ஊகிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ஜி.ஆர்.இ. இந்த ஒழுங்கைப் பெரிதும் காக்கிறது. கல்லூரி அளவில் கணினித் தேர்வு நடத்தும் நம் ஆசிரியர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். 0.5 என்று எழுதியவருக்கு மதிப்பெண்ணும் 0.50 என்று எழுதியவருக்குப் பூஜ்யமும் தரும் நிரல் கணிதத்தைத் திருத்தவில்லை, எழுத்துகளைத் திருத்துகிறது.

இந்த வடிவத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு பிளஸ் டூ கணிதத் தேர்வில் 90 மதிப்பெண்ணில் 20 மட்டுமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு; மீதி 70 எழுத்து விடைகளுக்கு. கடைசி வரியில் கூட்டல் தவறினாலும் முந்தைய வரிகளுக்கு ஸ்டெப் மார்க் கிடைக்கும். பெட்டி அப்படி இரங்காது. முழு வழியும் சரியாக வந்து கடைசி இலக்கத்தில் தவறியவரும் எதுவுமே தெரியாதவரும் அதற்கு ஒன்றுதான். தவறான வழியில் தற்செயலாகச் சரியான எண்ணுக்கு வந்தவரையும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சிந்தனையை முழுமையாக அளக்கும் கருவி என்று இதைப் புகழ்வது மிகை. ஊகத்தை நீக்கி, சரிபார்க்கும் பழக்கத்துக்கு மதிப்பளிக்கும் கருவி என்பதே நியாயமான மதிப்பீடு. மற்ற வகைகளோடு சேர்த்து அளவோடு பயன்படுத்தும்போது அதன் பயன் உறுதியானது.

எப்படிப் பழகுவது

இந்த வகைக்கென்று தனிப் பாடமோ தனிச் சூத்திரமோ தேவையில்லை. ஜி.ஆர்.இ. கணிதம் எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு என்ற பள்ளிக்கூட எல்லைக்குள்தான் இருக்கிறது. முக்கோணவியலும் நுண்கணிதமும் அதில் இல்லை. மாற்ற வேண்டியது பயிற்சி செய்யும் முறை. கையிலுள்ள எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் விடைகளை ஒரு தாளால் மறைத்துவிட்டுக் கணக்கைப் போடலாம். விடையை எழுதி, வேறு வழியில் சரிபார்த்து, இது சரி என்று சொல்லும் துணிவு வந்த பிறகே தாளை எடுக்க வேண்டும். தவறான விடைகளை மேலே சொன்ன ஐந்து இடங்களின்படி பிரித்துக் குறித்துக்கொண்டால், நம் மதிப்பெண் எங்கே போகிறது என்பது சில வாரங்களில் தெளிவாகும். பெரும்பாலோருக்கு ஐந்தும் பிரச்சினையாக இருக்காது. ஒன்றோ இரண்டோதான் மறுபடி மறுபடி வரும்.

பயிற்சி மையங்களில் சொல்லித்தரும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடையிலிருந்து பின்னோக்கிப் போகும் உத்திகளை மட்டும் முதல் நாளிலிருந்து கற்பிக்காதீர்கள். அவை வேகம் தரும். ஆனால் பெட்டியின் முன்னால் மாணவரை நிராயுதபாணியாக நிறுத்திவிடும். முதலில் தீர்க்கக் கற்றுக்கொடுங்கள், அடுத்து சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள், உத்திகளைக் கடைசியில் வையுங்கள்.

முதுகலைக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ போகிறவருக்கு அங்கே யாரும் ஐந்து விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்போவதில்லை. தாம் கண்ட எண் சரி என்று தாமே உறுதிசெய்து, அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அந்த வகையில் ஜி.ஆர்.இ. தேர்வின் நான்கு வகைக் கேள்விகளில் மேற்படிப்புக்கு மிக நெருக்கமானது இந்தப் பெட்டிதான். அதற்கு அஞ்சாமல், அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற கேள்விகளுக்கும் தயாராகுங்கள்.